பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு மது கொடுத்தால்: சட்டம் யாருடைய கையைப் பார்க்கிறது?

கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். சமையல் கூடத்துக்கும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் நடுவே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். மாப்பிள்ளையின் சித்தப்பா, ப்ளஸ் டூ படிக்கும் பையனுக்கு அரை டம்ளர் பீர் ஊற்றி நீட்டுகிறார். பையன் தயங்குகிறான். "பீர்தானேடா, ஒண்ணும் செய்யாது" என்கிறார். "பையனுக்கு எதுக்குப்பா இதெல்லாம், கேஸாகிடப் போவுது" என்று யாராவது சொன்னால் உடனே பதில் வருகிறது: "கடைக்காரன் வித்தாத்தான் கேஸு. நாம வீட்டு ஆளுங்க."

இந்தப் பதிலைப் பல ஊர்களில், பல வாய்களில் கேட்டிருக்கிறேன். படித்தவர்களும் சொல்கிறார்கள். அது முழுக்கத் தவறு. பையனுக்கு 17 வயது என்றால், சித்தப்பா செய்தது ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். கடைக்காரர், உரிமம், பணம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஊற்றிக் கொடுத்த கை ஒன்றே போதும்.

இது ஏன் இவ்வளவு பேருக்குத் தெரியவில்லை என்றால், மதுவும் வயதும் என்று பேச்செடுத்தாலே நம் மனத்தில் டாஸ்மாக் பலகைதான் வருகிறது. அந்தப் பலகை சொல்வது ஒரு சட்டத்தை. அதன் பின்னால் இன்னொரு சட்டம் இருக்கிறது.

ஒரே பாட்டில், இரண்டு சட்டம்

மருந்துக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்றால் அது கடையின் உரிமம் சார்ந்த தவறு. அதே மாத்திரையை ஒருவர் வாங்கிவந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தால்? அங்கே யாரும் உரிமத்தைப் பற்றிப் பேசமாட்டோம். குழந்தையை என்ன செய்தாய் என்றுதான் கேட்போம்.

மதுவிலும் இதே இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன. முதல் கேள்வி வியாபாரத்தைப் பற்றியது: யார், எங்கே, எந்த நேரத்தில், எந்த வயதினருக்கு விற்கலாம்? நம் அரசமைப்புச் சட்டம் மதுவை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருப்பதால் இதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் சில்லறை விற்பனை விதிகளில் வயது வரம்பு 21. கேரளம் 23 என்று உயர்த்தியது. டெல்லியின் 2009ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டம் 25 என்று வைத்தது. பீகாரில் 2016 முதல் எந்த வயதினருக்கும் விற்பனையே இல்லை.

இரண்டாவது கேள்வி குழந்தையைப் பற்றியது. இதற்கு நாடு முழுவதும் ஒரே பதில்தான்: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெயரில் "இளைஞர்" என்று இருந்தாலும் இது 18 வயது நிறையாத எல்லோருக்குமான சட்டம். கைக்குழந்தையும் அதில் அடக்கம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைக்கு மது கொடுப்பதைத் தண்டிப்பது இதன் 77ஆம் பிரிவு.

இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் "21க்குக் கீழே குடிச்சா ஏழு வருஷம் ஜெயிலாம்" என்பது போன்ற தவறான செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 19 வயதுக் கல்லூரி மாணவருக்குக் கடையில் மது விற்றால் அது விற்பனை விதியை மீறிய செயல். 77ஆம் பிரிவு அங்கே வராது, ஏனென்றால் அவர் சட்டத்தின் கண்ணில் குழந்தை இல்லை. 17 வயதுப் பையனுக்கு விற்றாலோ இரண்டு சட்டங்களும் சேர்ந்தே வரும்.

இதுவரை பார்த்தது: 21 என்பது தமிழ்நாட்டில் விற்பவருக்கான எல்லை. 18 என்பது நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்குமான எல்லை.

வண்டிச் சாவியும் மது டம்ளரும்

77ஆம் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ள, எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விதி உதவும். பத்தாம் வகுப்புப் பையன் ஸ்கூட்டர் ஓட்டிக் குற்றம் செய்தால் அவன் பெற்றோரும் வண்டி உரிமையாளரும் மாட்டுவார்கள் என்பது இப்போது பரவலாகத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு அது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையன் கேட்டான், அழுதான், நண்பர்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆபத்தான பொருளைப் பெரியவர்தான் காக்க வேண்டும் என்று சட்டம் நினைக்கிறது.

மது டம்ளர் விஷயத்திலும் அதே நினைப்புதான், தண்டனைதான் இன்னும் கூடுதல். 77ஆம் பிரிவைப் பேச்சு வழக்கில் சொன்னால் இப்படி வரும்: யாராக இருந்தாலும், ஒரு குழந்தைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலைப் பொருளையோ கொடுத்தாலும், பிறர் மூலம் கொடுக்கச் செய்தாலும், தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவு இல்லாவிட்டால், ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடுங்காவல் என்றால் சிறையில் வேலையும் செய்ய வேண்டிய தண்டனை.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும்.

"யாராக இருந்தாலும்." அப்பா, மாமா, அண்ணனின் நண்பன், பார் ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் இதில் அடக்கம். பெற்றோருக்கு விலக்கு இல்லை. இங்கிலாந்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மது கொடுப்பதுதான் குற்றம்; அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு வீட்டில் பெற்றோர் கொடுப்பதை அங்கே சட்டம் தண்டிப்பதில்லை. இதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் சட்டத்தில் அந்த வாசல் திறக்கப்படவே இல்லை.

"கொடுத்தாலும்." விற்றால் மட்டும் என்று எழுதவில்லை. பணம் கைமாற வேண்டியதில்லை. இலவசமாக, அன்பாக, விளையாட்டாக, பந்தயம் கட்டிக் கொடுத்ததும் கொடுத்ததுதான்.

"கொடுக்கச் செய்தாலும்." கடை வாசலில் நிற்கும் பெரியவரிடம் பையன்கள் பணம் கொடுத்து, "அண்ணே, ஒரு குவாட்டர் வாங்கித் தாங்க" என்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வாங்கித் தரும் அண்ணன் கொடுத்தவர். பெரியவர் ஒருவர் பையனின் நண்பன் கையில் பாட்டிலைக் கொடுத்து "அவனுக்கும் ஊத்து" என்றால், அவர் கொடுக்கச் செய்தவர். நண்பனுக்கும் 18 ஆகவில்லை என்றால் அவன் விஷயம், 18 ஆகாதவர்களின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பெரியவர் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும்.

"மதுவையோ." பீர், ஒயின், பிராந்தி என்று பிரிக்கவில்லை. அரை டம்ளருக்கும் முழுப் பாட்டிலுக்கும் தனித்தனி அளவுகோல் வைக்கவும் இல்லை.

சளிக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் பாசக்காரப் பாட்டிகள்.

குழந்தைக்குச் சளி கட்டினால், குளிர் காலத்தில் இருமினால், ஒரு பாலாடை பிராந்தியை வெந்நீரில் கலந்து புகட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. பழைய சட்டம், அதாவது 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இதற்கு ஓர் இடுக்கு விட்டிருந்தது. அதன் 25ஆம் பிரிவில் மருத்துவர் உத்தரவு என்ற விலக்கோடு "நோயுற்ற நிலையில்" என்ற விலக்கும் இருந்தது. மதுவைப் பொறுத்தவரை "பொது இடத்தில்" கொடுத்தால்தான் குற்றம் என்றும் அது சொன்னது. தண்டனை மூன்று ஆண்டு வரை.

2015ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டு சொற்றொடர்களையும் எடுத்துவிட்டது. பொது இடம் என்ற நிபந்தனை போனதால் வீட்டுக்குள் கொடுப்பதும் உள்ளே வந்தது. நோய் என்ற விலக்கு போனதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கும் பிராந்தியும் உள்ளே வந்தது. மூன்று ஆண்டு ஏழு ஆண்டானது. புகையிலையும் சேர்ந்தது. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "வீட்டு ஆளுங்க" என்ற சாக்கை அடைக்கவே இந்த மாற்றம் செய்யப்பட்டது போலத் தோன்றுகிறது.

மாற்றத்துக்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நினைவு இருக்கிறது. 2015 ஜூலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு வயதுச் சிறுவனை மது குடிக்க வைக்கும் காணொளி பரவியது. குடிக்க வைத்தவர்களில் உறவினரும் இருந்தார், கைது நடந்தது. அந்தக் காணொளியில் எனக்கு இன்றும் மறக்காதது சுற்றி நின்றவர்களின் சிரிப்பு. ஒருவருக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை.

பிராந்தி சளியைக் கரைப்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு மதுவால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வலிப்பும் மயக்கமும் வரலாம். பெரியவர் உடம்பு தாங்கும் அளவு அவர்களுக்கு நஞ்சு. சட்டம் அளவு பார்க்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

சுருக்கமாக: உறவு, இடம், அளவு, இலவசம், சளி, எதுவும் விலக்கு இல்லை. மருத்துவர் உத்தரவு ஒன்றே விலக்கு.

"கடைக்குப் போய் வாங்கிட்டு வாடா"

77க்கு அடுத்த பிரிவு 78. இது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. மதுவையோ போதைப்பொருளையோ விற்க, சுமக்க, கொண்டுபோய்க் கொடுக்க, கடத்த ஒரு குழந்தையைப் பயன்படுத்தினால் அதற்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளை ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க வேண்டியதில்லை.

சாராய வியாபாரிகளுக்காக எழுதிய பிரிவு போலத் தெரியும். ஆனால் "சுமக்க" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகன் கையில் பையைக் கொடுத்து, தெரிந்தவரிடம் பாட்டில் வாங்கிவர அனுப்பும் அப்பாவும் அந்தச் சொல்லுக்குள் வருகிறார். பார்களில் பாட்டில் பொறுக்கவும் டம்ளர் கழுவவும் சிறுவர்களை வைப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் சிக்கும். அந்தச் சிறுவன் மேசைக்கு மதுவை எடுத்துவந்தால் 78ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

ஏழு ஆண்டு "வரை" என்றால்

பிஸ்கட் பொட்டலத்தில் அதிகபட்ச விலை 20 ரூபாய் என்று இருந்தால் கடைக்காரர் 18க்கும் கொடுக்கலாம், 21க்குக் கொடுக்கக் கூடாது. சட்டத்தில் "வரை" என்று வருவது இதே பொருளில்தான். ஏழு ஆண்டு என்பது உச்சவரம்பு. 77ஆம் பிரிவில் குறைந்தபட்சம் இத்தனை ஆண்டு என்று எழுதவில்லை. குழந்தையின் வயது, கொடுத்தவரின் நோக்கம், நேர்ந்த கேடு, இது முதல் தடவையா என்பதையெல்லாம் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். குழந்தையை மயக்கித் தீங்கு செய்யும் எண்ணத்தோடு கொடுத்திருந்தால் கதையே வேறு: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை தண்டனை இருக்கிறது.

அடுத்து, காவல் துறை எப்படி நுழைகிறது? இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிணையில் விடாக் குற்றம் என்றால் ஜாமீனே கிடையாது என்று அர்த்தமில்லை. ஜாமீன் கேட்பது உரிமையாக இராது. தரலாமா என்று நீதிமன்றம் யோசித்து முடிவெடுக்கும். 77ஆம் பிரிவு இந்த வகையைச் சேர்ந்தது.

பிடியாணை வேண்டும் குற்றம் என்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காவல் துறை தானாகப் புலன் விசாரணை தொடங்கவோ கைது செய்யவோ முடியாத குற்றம். 2015ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது 77ஆம் பிரிவுக்கு இந்தத் தடை இருக்கவில்லை. 2021இல் வந்த திருத்தம், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை இந்த வகைக்கு மாற்றியது. 2022 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. டெல்லி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் எண்ணம். பத்து வயதுப் பிள்ளைக்கு யாரோ சாராயம் ஊற்றிவிட்டார்கள் என்று ஓடிவரும் தாயிடம், நீதித்துறை நடுவரிடம் போய் உத்தரவு வாங்கி வாருங்கள் என்று சொல்லும் நிலை அவளைத் துரத்தியடிப்பதற்குச் சமம். வழக்கில் வேறொரு பெரிய குற்றமும் சேர்ந்திருந்தால் இந்தத் தடை வராது. முழு வழக்கையும் காவல் துறை நேரடியாக விசாரிக்கலாம்.

புனே வழக்கு இதற்கு உதாரணம். 2024 மே 19 அதிகாலை கல்யாணி நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொறியாளர்கள் இறந்தார்கள். 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்ததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மது பரிமாறப்பட்டதாகச் சொல்லப்பட்ட பார்களின் பொறுப்பாளர்களும் சிறுவனின் தந்தையும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75, 77 பிரிவுகளில் கைதானது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 75 என்பது தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் துன்புறுத்துவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது பற்றிய பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை.

"பார்க்க இருபத்திரண்டு மாதிரி இருந்தான் சார்"

பார் நடத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் இது. உண்மை தெரியாமல் நடந்த பிழையைச் சட்டம் ஓரளவு மன்னிக்கும். ஆனால் நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும். சட்டத்தில் நல்லெண்ணம் என்பது மனம் சுத்தமாக இருப்பது மட்டும் இல்லை. உரிய கவனமும் எச்சரிக்கையும் எடுத்திருக்க வேண்டும். அரும்பு மீசை ஓடும் முகத்தைப் பார்த்தும் அடையாள அட்டை கேட்காதவர் கவனம் எடுத்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வழக்கு என்று வந்துவிட்டால் வயதை முகம் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது.

புகையிலைக்கு 200 ரூபாயா, ஏழு ஆண்டா?

77ஆம் பிரிவில் புகையிலையும் இருப்பதால் ஒரு விசித்திரம் நேர்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குச் சிகரெட் விற்றால் 200 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். அதே பெட்டிக்கடைக்காரர் அதே சிகரெட்டை விற்ற அதே செயலை இளைஞர் நீதிச் சட்டம் ஏழு ஆண்டு வரையிலான குற்றமாகப் பார்க்கிறது. முதல் சட்டம் விற்பனையைப் பார்க்கிறது, இரண்டாவது குழந்தையைப் பார்க்கிறது.

குழந்தைக்கு இவற்றைக் கொடுப்பதும் விற்பதும் குற்றம் என்ற எச்சரிக்கையை மதுவும் புகையிலையும் விற்கும் கடைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன, தண்டனை எவ்வளவு என்பதோடு. குழந்தைகள் இல்லத்திலிருந்து 200 மீட்டருக்குள் இவற்றை விற்றாலே 77ஆம் பிரிவுக் குற்றமாகக் கருதப்படும் என்றும் சொல்கின்றன. உங்கள் தெருமுனைக் கடையில் அந்த எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் பார்த்த கடைகளில் இல்லை.

குடித்த பிள்ளை குற்றவாளியா?

இல்லை. பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே பல குடும்பங்கள் வாயைத் திறப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 77ஆம் பிரிவு குடித்த குழந்தையைத் தண்டிக்கவில்லை. அது பாதிக்கப்பட்ட தரப்பு. அந்தப் பிள்ளையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டம்தோறும் உள்ள அமைப்பு அது. குடிக்குப் பழகிவிட்ட குழந்தையைச் சிகிச்சைக்கு அனுப்ப 93ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது.

யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 1098ஐ அழைக்கலாம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது.

ஒரு பிள்ளை குடித்துவிட்டு எழுப்பினால் எழவில்லை, வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால், சட்டம், வழக்கு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். மோர் கொடுப்பது, எலுமிச்சை பிழிவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியாக விடாமல், 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் "வயித்து வலி" என்று மறைக்காமல், என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையையும் மூச்சையும். நீங்கள் உண்மையைச் சொன்னால் அதை உடனே பார்ப்பார்.